"சொந்தத்துல குடுத்தா ஒத்துக்கிடும்லா?"

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் கரிசல் சீமையில் சொந்தம் சும்மா இருக்காது. மாமன், சித்தப்பா, அத்தை மகன், ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிடும். அவர்கள் எல்லோரும் டாக்டரிடம் கேட்பது ஒன்றைத்தான். "எங்க ரத்தத்தை எடுத்துக்கிடுங்க. சொந்தத்துல குடுத்தா ஒத்துக்கிடும்லா?"

படிக்காதவர்கள் கேட்கும் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடிக்கொண்டிருப்பது இதே கேள்விக்குத்தான். கொடுப்பவரின் மரபணுவில் எது நோயாளிக்கு ஒத்துப்போக வேண்டும், எது ஒத்துப்போகாமல் இருந்தால் நல்லது? இதில் ஒரு முக்கியமான பகுதியைக் கற்றுக்கொடுத்தது, பிரசவம் முடிந்ததும் நஞ்சோடு சேர்த்து நாம் புதைத்துவிடும் தொப்புள்கொடியில் தேங்கி நிற்கிற ஒரு டம்ளருக்கும் குறைவான ரத்தம். புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் கல்யாணச் சம்பந்தங்கள் அமையும் விதத்துக்கும் இந்த விஞ்ஞானத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆகவே விடையைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரத்தப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் மாற்று சிகிச்சை தேவைப்படாது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகையில் பெரும்பாலோர் மருந்திலேயே குணமாகிறார்கள். மருந்துக்கு அடங்காத நோய், அடங்கியும் திரும்பி வந்த நோய், தொடக்கத்திலேயே மூர்க்கமான சில வகைகள் ஆகியவற்றுக்குத்தான் ரத்தம் ஊறும் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையைக் கடுமையான மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிட்டு, இன்னொருவரின் ஸ்டெம் செல்களை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அந்தச் செல்கள் தாமாகவே மஜ்ஜைக்குப் போய்க் குடியேறி, புதிய ரத்தம் ஊறத் தொடங்கும். அதன்பின் நோயாளியின் ரத்த குரூப்கூடக் கொடுத்தவரின் குரூப்பாக மாறிவிடும்.

குரூப்பே மாறிவிடுகிறது என்றால் குரூப் பொருத்தம் முக்கியம் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆமாம். பார்க்க வேண்டியது எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்களை. நம் உடலின் செல்கள் 'நான் இந்த வீட்டுக்காரன்' என்று காட்ட மேலே ஏந்தி நிற்கும் அடையாளங்கள் அவை. அவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. பிரான்சில் ஜான் டோசே 1958-ல் முதல் அடையாளத்தைக் கண்டார். அதற்காக 1980-ல் நோபல் பரிசு பெற்றார். அதே 1958-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் யான் வான் ரூட், கர்ப்பிணிகளின் ரத்தத்தில் பிள்ளையின் வெள்ளணுக்களுக்கு எதிரான பொருள்கள் ஊறுவதைக் கண்டுபிடித்தார். இந்த வான் ரூட் பின்னாலும் வருவார். இன்றைக்கு எச்.எல்.ஏ. மரபணுக்களில் பெயரிடப்பட்ட வகைகள் 35 ஆயிரத்துக்கும் மேல்.

இத்தனை வகை இருந்தும் கூடப் பிறந்தவர்களுக்குள் பொருத்தம் அமைவது எப்படி? புதியம்புத்தூர் ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரெடிமேட் தைக்கிற ஊர். துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டும்போது, ஒரே அடுக்கின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர் போட்டுக் கட்டிவைப்பார்கள். அடுக்கு மாறித் தைத்துவிட்டால் அளவு சரியாக இருந்தும் நிறம் தட்டிவிடும். எச்.எல்.ஏ. மரபணுக்களும் இப்படிக் கட்டாகவேதான் இறங்குகின்றன. ஏ, பி, சி, டிஆர் என்று பெயர் கொண்ட முக்கியமான துண்டுகள் அப்பாவிடமிருந்து ஒரு கட்டாகவும் அம்மாவிடமிருந்து ஒரு கட்டாகவும் பிள்ளைக்கு வரும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு. ஆகவே அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு கட்டும் ஒன்றாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. தாத்தா காலத்தில் கூடப் பிறந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை. நான்கில் ஒன்று என்பது நம் வீடுகளில் பெரும்பாலும் தவறிப்போகிற வாய்ப்பாகிவிட்டது.

பாரிஸில் 1988

தொப்புள்கொடி ரத்தத்திலும் ஸ்டெம் செல் உண்டு, அதை உறையவைத்துப் பாதுகாக்கவும் முடியும் என்று அமெரிக்காவின் இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மையர் காட்டினார். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயால் மஜ்ஜை வற்றிப்போன ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு அப்போது தங்கை பிறக்கவிருந்தாள். அவளுக்கு அந்த நோய் இல்லை, அண்ணனுக்குப் பொருந்துகிறாள் என்று வயிற்றில் இருக்கும்போதே பரிசோதித்துத் தெரிந்துகொண்டார்கள். பிறந்தவுடன் கொடியின் ரத்தத்தை உறையவைத்துப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். 1988 அக்டோபரில் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளக்மன் அதை அண்ணனுக்கு ஏற்றினார். சிறுவன் பிழைத்தான், வளர்ந்து ஆளானான்.

ஐந்தே ஆண்டுகளில் உறவே இல்லாத குழந்தைகளின் கொடி ரத்தத்தையும் ஏற்றத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் பாப்லோ ரூபின்ஸ்டீன் பொது வங்கி ஒன்றை உருவாக்கினார். இதன் பெரிய வசதி, பொருத்தம் முழுதாக இல்லாவிட்டாலும் உடம்பு ஏற்றுக்கொள்வதுதான். வளர்ந்தவரின் மஜ்ஜையில் எட்டு அடையாளத்துக்கு எட்டு, பத்துக்குப் பத்து என்று கறாராகப் பார்க்க வேண்டியிருந்தது. கொடி ரத்தத்திலோ ஆறில் நான்கு பொருந்தினால் போதும் என்றே பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். பிறந்த குழந்தையின் பாதுகாப்புச் செல்கள் இன்னும் எதிரியையே பார்க்காதவை. புது உடம்பைக் கண்டதும் அத்தனை ஆவேசமாகப் பாய்வதில்லை. குறை என்னவென்றால் அளவு. ஒரு கொடியில் கிடைக்கும் செல்கள் சிறுபிள்ளைக்குப் போதும், எழுபது கிலோ ஆளுக்கு எட்டாது. புதிய ரத்தம் ஊற மூன்று, நான்கு வாரம் ஆகிவிடும். அந்தச் சில வாரங்களில் வரும் கிருமித் தொற்றுதான் பலரைக் கொண்டுபோனது.

ஆறில் நான்கு போதும் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. மேரி ஈப்பன் குழுவினர் 2014-ல், ரத்தப் புற்றுநோய்க்காக ஒற்றைக் கொடி ரத்தம் ஏற்றப்பட்ட 1,568 பேரின் மரபணுக்களை நுணுகிப் பார்த்தார்கள். ஏ, பி, சி, டிஆர் நான்கிலும் முழுப் பொருத்தம் இருந்தவர்கள் வெறும் 7 சதவீதம். பொருத்தம் ஒவ்வொரு படி குறையக் குறைய, நோயால் அல்லாமல் சிகிச்சையின் விளைவால் இறப்பவர்கள் கூடினார்கள். அதற்குமுன் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத 'சி' துண்டும் உயிரைத் தீர்மானிக்கிறது என்பது அப்போது உறுதியாயிற்று.

அப்படியானால் முழுக்க முழுக்க ஒரே மரபணு இருந்தால் இன்னும் நல்லதுதானே? இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையர் கொடுத்த மஜ்ஜையில் உடம்பு தாக்கப்படுவதில்லை. ஆனால் புற்றுநோய் திரும்பி வருவது அதிகம். வந்த செல்களுக்கு நோயாளியின் உடம்பும் அந்நியமாகத் தெரிவதில்லை, ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லும் அந்நியமாகத் தெரிவதில்லை. கொஞ்சம் வேற்றுமை இருந்தால்தான் அவை புற்றைத் தேடிப் பிடித்து அழிக்கின்றன. வேற்றுமை கூடினால் நோயாளியின் தோல், குடல், ஈரல் எல்லாவற்றையும் தாக்கிவிடுகின்றன. மாற்று சிகிச்சை மருத்துவர்களின் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிகிறது.

கொடி ரத்தம் அந்த நடுவழியில் எதிர்பாராத ஓர் இடத்தைப் பிடித்தது. சியாட்டிலில் ஃபிலிப்போ மிலானோ குழுவினர் 582 நோயாளிகளை ஆராய்ந்து 2016-ல் எழுதினார்கள். மாற்று சிகிச்சைக்கு முன் உடம்பில் துளிப் புற்று மிஞ்சியிருந்தவர்களில், கொடி ரத்தம் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. பொருத்தம் குறைந்த, அனுபவமில்லாத அந்தச் செல்கள் புற்றை இவ்வளவு நன்றாக அடையாளம் கண்டது எப்படி?

அம்மாவின் செல்கள்

இந்த இடத்தில்தான் வான் ரூட் திரும்ப வருகிறார், எண்பது வயதைக் கடந்த பிறகு. பிள்ளை வயிற்றில் இருக்கும் பத்து மாதமும் அம்மாவின் செல்கள் சில பிள்ளைக்குள்ளும், பிள்ளையின் செல்கள் சில அம்மாவுக்குள்ளும் போய் வருகின்றன. அம்மாவிடம் உள்ள இரண்டு கட்டில் ஒன்று பிள்ளைக்கு இறங்குகிறது. இறங்காத மற்றதும் பிள்ளையின் உடம்புக்குப் பழக்கமாகிவிடுகிறது. அந்த இறங்காத கட்டின் அடையாளம் நோயாளியிடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நியூயார்க் வங்கியின் பழைய பதிவுகளை எடுத்து வான் ரூட்டும் கூட்டாளிகளும் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வின்படி, காகிதத்தில் பொருத்தமில்லாததாகத் தெரிந்த கொடி ரத்தங்களில், கொடுத்த குழந்தையின் அம்மாவோடு அந்த அடையாளம் ஒத்துப்போனவை நன்றாக வேலை செய்திருந்தன.

அவர்களே 2012-ல் வெளியிட்டது இன்னும் ஆழமானது. கர்ப்பத்தின்போது அம்மாவின் பாதுகாப்புச் செல்கள் பிள்ளையிடம் உள்ள அப்பாவின் அடையாளத்தை அந்நியமாகக் கண்டு அதற்கு எதிராகப் பழகியிருக்கும். அந்தச் செல்களில் சில கொடி ரத்தத்தில் தங்கிவிடுகின்றன. கொடுத்த குழந்தையின் அப்பாவிடம் உள்ள அடையாளம் நோயாளியிடமும் இருந்தால், புற்றுநோய் திரும்புவது குறைந்தது. நோயாளியின் உடம்புக்குள் போய்ப் புற்றோடு சண்டையிட்டதில், பெயர் தெரியாத ஒரு தாயின் செல்களுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. நேரடியாகக் கண்ணால் கண்ட சாட்சி இல்லை, மறைமுகச் சான்றுதான் என்று அவர்களே தலைப்பில் எழுதினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இது. கொடியைக் கொடுக்கும் குழந்தையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அம்மாவையும் அப்பாவையும் கொண்டுவந்து நிறுத்தியது. இன்றைக்குக் கொடி ரத்தத்தை வங்கியில் வைக்கும்போது அம்மாவின் எச்.எல்.ஏ.வையும் சேர்த்துப் பதிவது பயனுள்ளதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு சில மரபணுக்களையும் பார்த்தார்கள். கொலைச் செல்கள் என்று அழைக்கப்படும் வெள்ளணுக்களை ஏவும், அடக்கும் பொத்தான்களைத் தீர்மானிக்கும் 'கிர்' மரபணுக்களில் வேற்றுமை இருந்தால் நல்லது என்று 2009-ல் ஐரோப்பியக் குழு எழுதியது. அதே ஆண்டில் மின்னசோட்டா குழு அதற்கு எதிரான முடிவைச் சொன்னது. இன்னும் தீராத வழக்கு, விட்டுவிடலாம். தெளிவான ஒன்று உண்டு. எச்.ஐ.வி.யும் ரத்தப் புற்றுநோயும் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு நியூயார்க்கில் 2017-ல் கொடி ரத்தம் ஏற்றினார்கள். எச்.ஐ.வி. நுழையும் கதவாகிய சிசிஆர்5 மரபணு இரண்டு பக்கமும் அடைபட்ட குழந்தையின் ரத்தம் அது. கொடி ரத்தத்தின் செல்கள் ஊறும்வரை தாங்குவதற்கு உறவினர் ஒருவரின் செல்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். புற்றும் போயிற்று, எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திய பிறகும் கிருமி திரும்பவில்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். கொடுப்பவரின் ஒரே ஒரு மரபணு நோயாளியின் தலைவிதியை மாற்றியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மதுரையில் எடுத்த கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன் குழுவினர் 1980-களின் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டின் முக்கியமான சாதியினரிடம் எச்.எல்.ஏ. அமைப்பை ஆராயத் தொடங்கிவிட்டார்கள். முதல் தொகுதி முடிவு 1984-ல் வெளியானது. ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் குழுக்களுக்குள்ளேயே எந்த வகை எவ்வளவு காணப்படுகிறது என்பதில் வேறுபாடு இருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கொள்வினை கொடுப்பினை சாதிக்குள்ளேயே நடக்கிறது.

ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலானோர் 2017-ல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 குழுக்கள், மரபணு நெருக்கத்துக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விட நெருக்கமான சிறு மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை. அதற்கும் மேல் தமிழ்நாட்டில் அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும் வழக்கம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். நாட்டிலேயே அதிகம்.

இதன் பொருள் என்ன? கணவனும் மனைவியும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்றால் இருவரிடமும் ஒரே கட்டு இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் அப்பாவோ அம்மாவோ பிள்ளைக்கு முழுப் பொருத்தமாக அமையலாம். மாமன் மகனிடமும் சித்தி மகளிடமும் தேடலாம். மேலைநாட்டில் கூடப் பிறந்தவர்களோடு தேடல் நின்றுவிடுகிறது. இங்கே வராந்தாவில் கூடி நிற்கும் சொந்தம் மொத்தத்தையும் பரிசோதிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த வகையில் "சொந்தத்துல குடுத்தா ஒத்துக்கிடும்லா" என்று கேட்டவர்கள் பாதி சரியாகவே கேட்டிருக்கிறார்கள்.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். பொருந்தும் கட்டு சொந்தத்துக்குள் சுற்றுவது போலவே குறையுள்ள மரபணுவும் சுற்றுகிறது. ஃபான்கோனி ரத்தசோகை போன்ற நோய்கள் சொந்தத்தில் கட்டிய வீடுகளில் கூடுதல். புற்றுக்கு வழிவிடும் பரம்பரைப் பிழை நோயாளியிடம் இருந்தால், நன்றாக இருப்பதாகத் தெரியும் அண்ணனிடமும் இருக்கலாம். ஆகவே சொந்தத்தில் கொடுப்பவரை எச்.எல்.ஏ. பொருத்தத்தோடு நிறுத்தாமல் அந்தப் பிழைக்கும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும். மாற்று சிகிச்சைக்கு ஆள் கிடைப்பார் என்பதைச் சொந்தத்தில் கட்டுவதற்கு ஆதரவாக யாரும் பேசிவிடக் கூடாது. நோயை உண்டாக்கிவிட்டு மருந்து தேடுகிற காரியம் அது.

சொந்தத்தில் கிடைக்காதவர்கள் எங்கே போவது? கொடையாளர் பதிவேட்டுக்கு. அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-ல் போட்ட கணக்கில், ஐரோப்பிய வம்சத்து வெள்ளையருக்கு முழுப் பொருத்தமான ஆள் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். தெற்காசியருக்கு 33 சதவீதம்தான். நம் கட்டுகளில் பல அங்கே இல்லை. இருப்பது இங்கே, பதியப்படாமல். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி, டாக்டர் பி. சீனிவாசன் தொடங்கிய ஜீவன் போன்ற அமைப்புகள் இந்தக் குறையைத்தான் நிரப்பப் பார்க்கின்றன. ஜீவன் சென்னையில் பொதுக் கொடி ரத்த வங்கியையும் நடத்திப் பார்த்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுப்பதுதான் பதிவதற்கு ஆகும் வேலை. சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. கம்பெனிகளில் முகாம் போட்டால் நிறையப் பேர் சேர்கிறார்கள். ஆனால் கரிசல்காட்டுப் பிள்ளைக்குப் பொருந்தும் கட்டு புதியம்புத்தூர் தையல் கூடத்திலும் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை பார்க்கிறவரிடம் இருக்க வாய்ப்பு அதிகம். முகாம் அங்கே வர வேண்டும். ஆய்வுக்கூடம் சாதியைக் கேட்பதில்லை, கட்டை மட்டும் பார்க்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டுக் குழுக்கள் தாராளமாகக் கலந்திருந்தன என்று மரபணு ஆய்வுகள் சொல்வதால், பொருந்துகிறவர் நாம் சம்பந்தம் செய்யாத பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம்.

பணம் கட்டி வைக்கலாமா?

ஸ்கேன் சென்டரிலும் மகப்பேறு மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளின் கையில் திணிக்கப்படும் விளம்பரத் தாள்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 'உங்கள் பிள்ளையின் கொடி ரத்தத்தைச் சேமியுங்கள், எதிர்காலத்தில் நோய் வந்தால் காப்பாற்றும்' என்று பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தவணையும் உண்டு. தைத்துச் சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கட்டுகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

ரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை இதில் அடிப்படையே தவறு. பிரிட்டனின் மெல் கிரீவ்ஸும் கூட்டாளிகளும் குழந்தை பிறந்தவுடன் குதிகாலில் எடுத்துக் காயவைத்த ரத்தப் பொட்டுகளைப் பல ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பலருக்கு, நோயின் முதல் மரபணுப் பிழை பிறக்கும்போதே இருந்தது. அதாவது அந்தப் பிள்ளையின் கொடி ரத்தத்திலும் அதே பிழை இருந்திருக்கும். மருத்துவர்கள் அதைத் தொட மாட்டார்கள். பிழையே இல்லாவிட்டாலும், இரட்டையர் கதையில் பார்த்தது போல, தன் செல் தன் புற்றை அடையாளம் காணாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-லும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதன் வழிகாட்டு நெறிகளிலும் தனியார் சேமிப்பைப் பரிந்துரைக்கவில்லை. பொது வங்கிக்குக் கொடுப்பது வேறு. அங்கே பணம் கிடையாது, யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குப் போகும். பயத்தை விற்றுப் பணம் வாங்குவது தவறு என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடி ரத்தத்தின் இடமும் இப்போது மாறிவிட்டது. பாதிப் பொருத்தம் உள்ள அப்பா, அம்மா, அண்ணன், தம்பியிடமிருந்தே செல்களை எடுத்து ஏற்றிவிட்டு, சில நாள் கழித்து சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்து ஆவேசமான செல்களை அடக்கும் முறை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவானது. 368 பேரைக் கொண்டு இந்த முறையையும் கொடி ரத்தத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் பாதிப் பொருத்த முறையில் 57 சதவீதம், இரண்டு குழந்தைகளின் கொடி ரத்தத்தைச் சேர்த்து ஏற்றும் முறையில் 46. செலவும் முன்னதில் குறைவு. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை மருத்துவமனைகளும் பெருமளவில் இந்தப் பக்கம் வந்துவிட்டன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு இடம் உண்டு. ஆயினும் கொடி ரத்தம் கற்றுக்கொடுத்த பாடங்கள், எந்த வேற்றுமை புற்றைக் கொல்கிறது, தாயின் எந்த அடையாளத்துக்குப் பிள்ளை பழகியிருக்கிறது என்பவை, பாதிப் பொருத்தச் சிகிச்சையில் அம்மாவா அப்பாவா அண்ணனா என்று தேர்ந்தெடுக்கும்போது இன்றும் மேசைக்கு வருகின்றன.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் கொடி ரத்தத்தைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோயோ மஜ்ஜை நோயோ இருந்து, அம்மா மறுபடி கர்ப்பமாக இருந்தால், பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிரசவம் ஓட்டப்பிடாரத்தில் நடக்கிறதா, தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியிலா என்பதை அவர் தெரிந்துகொண்டு, சேகரிப்புப் பையை முன்கூட்டியே அனுப்பி, எடுத்த ரத்தம் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர ஏற்பாடு செய்வார். கொடியை வெட்ட ஒரு நிமிடமாவது பொறுப்பது பிறந்த குழந்தைக்கு நல்லது. அதைக் குறைத்து ரத்தம் எடுக்கச் சொல்லக் கூடாது, பிந்தி வெட்டிய பிறகு மிஞ்சியதை எடுத்தால் போதும். அந்தக் கொடியை எடுத்துவைக்கும்படி லேபர் வார்டு நர்ஸம்மாவிடம் வலி எடுத்த பிறகு சொன்னால் நடக்காது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் அட்டையின் மேலேயே மூத்த பிள்ளையின் நோயையும் மருத்துவரின் போன் நம்பரையும் எழுதி வைத்துவிடுங்கள்.